வெண்சமன்: ஒயிட் பேலன்ஸ் என்னும் சொல்லின் பொருளும் வரலாறும்

குண்டு பல்பின் ஒளியில் எடுத்த படத்தில் வெள்ளைத் தாள் ஆரஞ்சு நிறமாகத் தோன்றுவதையும், டியூப்லைட்டின் கீழ் எடுத்த படத்தில் முகங்களில் பச்சை ஏறியிருப்பதையும் கலர் காஸ்ட் என்கிறார்கள். அதைப் போக்கக் கேமரா செய்யும் கணக்குக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். நேரில் பார்க்கும்போது இந்தக் குறை நமக்குத் தட்டுப்படுவதில்லை, ஏனெனில் கண்ணும் மூளையும் அறையின் ஒளிக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டு தாளை வெள்ளையாகவே காட்டிவிடுகின்றன. கேமராவின் சென்சாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விழுந்த ஒளியை விழுந்தபடியே பதிவுசெய்யும்.

பேலன்ஸ் என்னும் சொல் லத்தீன் மொழியில் இரண்டு தட்டுகளை உடைய தராசைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒளிப்படத்துறையில் இன்று அதற்கு வழங்கும் பொருளைப் புரிந்துகொள்ள வண்ணத் தொலைக்காட்சிக் கேமராவைப் பார்க்க வேண்டும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை மூன்று தனி மின்குறிகளாகப் பிரிந்து வரும். வெள்ளை அட்டை ஒன்றைக் கேமராவின் முன் காட்டி, மூன்று குறிகளும் ஒரே அளவுக்கு வரும்வரை அவற்றின் பெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைப்பார்கள். ஆகவே சமப்படுத்தப்படுவது வெள்ளை அன்று, மூன்று குறிகளே. வெள்ளை அட்டை அதற்கு உதவும் அளவுகோல் மட்டும்தான். ஃபிலிமில் இப்படித் திருகும் வசதி இல்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் அளந்து, பகலொளிக்கென 5500 கெல்வினுக்கும், டங்ஸ்டன் விளக்குக்கென 3200 கெல்வினுக்கும் தனித்தனியே ஃபிலிம் தயாரித்தார்கள். பகலொளி ஃபிலிமை விளக்கொளியில் பயன்படுத்த நேர்ந்தால் 80ஏ என்னும் நீல வடிகட்டியை லென்ஸில் மாட்டினார்கள்.

டிஜிட்டல் கேமராவில் நடப்பது வெறும் பெருக்கல் கணக்கு. குண்டு பல்பின் கீழ் ஒரு சாம்பல் அட்டையிலிருந்து சிவப்பு 90, பச்சை 100, நீலம் 40 என்ற அளவுகள் கிடைப்பதாகக் கொள்வோம். பச்சையை அப்படியே வைத்து, சிவப்பை ஏறக்குறைய 1.1 ஆலும் நீலத்தை 2.5 ஆலும் பெருக்கினால் மூன்றும் நூறாகி, அட்டை தன் இயல்பான சாம்பலுக்குத் திரும்பிவிடும். ஆனால் நீலத்தில் கலந்திருந்த இரைச்சலும், அதாவது ஒளியோடு தொடர்பில்லாத தாறுமாறான ஏற்ற இறக்கமும், அதே 2.5 மடங்கு பெருகும். விளக்கொளிப் படங்களின் நிழற்பகுதிகளில் நீலப் புள்ளிகள் மொய்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் இந்தப் பெருக்கெண்கள் குறிப்பாக மட்டுமே எழுதப்படுவதால் பின்னர் தாராளமாக மாற்றலாம். ஜேபெக் கோப்பில் பெருக்கல் முடிந்த விளைவே பதிந்துவிடுவதால், பிறகு செய்யும் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு.

தமிழில் இதை வெள்ளைச் சமநிலை என்றும் வெண் சமநிலை என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை; எனினும் சமநிலை என்பது அடைந்துவிட்ட ஒரு நிலையைக் குறிக்க, இங்கே பேசப்படுவதோ ஒரு செயலும் அதற்கான அமைப்பும். தராசோடு சேர்த்துச் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று குறள் (118) ஆண்ட சமன் என்னும் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அமைப்பை வெண்சமன் என்றும் செயலை வெண்சமன் செய்தல் என்றும் சொல்லலாம். கேமராத் திரையின் சிறிய இடத்திலும் அது அடங்கும். சாம்பல் அட்டையை வைத்துச் செய்வதை ‘வெண்’ என்பது முறையா என்று கேட்கலாம். நிறச் சார்பற்ற பரப்பு எதுவானாலும் இங்கே வெள்ளையின் வேலையைச் செய்யும். மிகையொளி பட்ட வெள்ளைத் தாளைவிடச் சாம்பல் அட்டை நம்பகமானதும்கூட, ஏனெனில் அளவுகள் உச்சத்தை முட்டி நின்றுவிட்டால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தெரியாமல் போகும்.

கலர் காஸ்ட் என்பதில் உள்ள காஸ்ட், எறிதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. ஒன்றின்மேல் வீசப்பட்ட நிறம் என்று கொள்ளலாம். நிறப்படிவு, நிறக்கறை என்னும் சொற்கள் பரப்பில் அழுக்கு ஒட்டியதுபோன்ற எண்ணத்தைத் தருகின்றன. நீலச் சாயல், மஞ்சள் சாயல் என்று நாம் ஏற்கெனவே சொல்லிவருவதால் நிறச்சாயல் என்பதே போதும்.

குழப்பம் மிகுதியாக விளைவது நிற வெப்பநிலை என்னும் தொடரில்தான். சூடேற்றிய கரும்பொருள் உமிழும் ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்லும் அளவு அது. மெழுகுவத்தி 1900-ஐ ஒட்டியும், வீட்டுக் குண்டு பல்பு 2700-ஐ ஒட்டியும், மேகமூட்டமான பகல் 6500-ஐ ஒட்டியும் இருக்கும். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். ஆனால் கேமராவில் அந்த எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சளாகிறது! நாம் கொடுக்கும் எண் ‘ஒளி இவ்வளவு நீலமானது’ என்ற தகவல். அதற்கு ஈடாகக் கேமரா மஞ்சளைக் கூட்டுகிறது. டியூப்லைட்டின் பச்சையோ இந்த அளவுகோலிலேயே அடங்காது. அதன் பாதரச ஆவி 546 நானோமீட்டரில் மிகுதியாக உமிழும் பச்சைக்கு ஈடுசெய்யத்தான், பச்சையையும் அதற்கு எதிர்நிறமான மெஜந்தாவையும் கூட்டிக் குறைக்கும் பச்சை–மெஜந்தா என்னும் இரண்டாவது திருத்தம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது.

சன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் ஒரே அறையில் கலந்திருந்தால், படம் முழுவதற்கும் ஒரே பெருக்கெண்களைக் கொண்ட வெண்சமன் தோற்றுவிடும்; சன்னலுக்குச் சரிசெய்தால் விளக்கின் பக்கம் ஆரஞ்சாகும், விளக்குக்குச் சரிசெய்தால் சன்னலின் பக்கம் நீலமாகும். அப்போது விளக்கை அணைப்பது, திரையை இழுத்துவிடுவது, ஃப்ளாஷின் முகப்பில் ஆரஞ்சுத் தாளை ஒட்டி அதன் ஒளியை விளக்கொளிக்கு இணையாக்குவது என, படம் எடுக்கும் முன்பே ஒளியை ஒருமைப்படுத்துவதுதான் வழி.