முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் ஓட்டம்: இறக்கம் கடைசியில்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்து, வேறு தசைநாரைப் பொருத்திச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓட்டக்காரர்கள் பலர் மூன்று மாதம் ஆனதும் ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். நடந்தால் வலியில்லை, மூச்சும் வாங்கவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் மூச்சு தேறும் வேகத்தில் தொடை தேறுவதில்லை. முன்தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். பழைய பலம் திரும்பப் பெரும்பாலானோருக்கு ஒன்பது மாதமாவது வேண்டும்.

மலையகத்தில் இந்தக் குறை இறக்கத்தில்தான் வெளிப்படும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். முடியாதபோது முழங்கால் உள்பக்கம் சரியும், அல்லது விறைத்த காலோடு குதிகால் முன்னே போய்க் குத்தும். அட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாதைகளில் ஓடுபவர்கள் பெரும்பாலும் ஏறிக் களைத்த தொடையோடுதான் திரும்பி இறங்குகிறார்கள்.

அதனால் ஓடுமுன் சில சோதனைகள். முழங்கால் முழுதாக நீள வேண்டும். முப்பது நிமிடம் விறுவிறுவென்று நடந்த மறுநாள் காலையிலும் வீக்கம் இருக்கக்கூடாது. 20 சென்ரிமீற்றர் உயரப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மறு குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். கண்ணாடி முன் செய்தால் நல்லது. பத்துத் தடவையும் முழங்கால் இரண்டாம் கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சரியக்கூடாது. இவற்றோடு, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் அனுமதியும் வேண்டும்.

முதல் ஓட்டம் சமதரையில்: பாடசாலை மைதானம், நுவரெலியா என்றால் கிரகரி வாவிக் கரை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை, ஒன்றுவிட்ட நாளில். ஒரு காலின் அடிகளை முப்பது விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அது 160 என்றால், வேகத்தைக் கூட்டாமல் 168க்குக் கொண்டுவாருங்கள். அடி குறுகும், பாதம் உடலுக்கு அடியிலேயே விழும், முழங்காலின் சுமை குறையும். சத்திரசிகிச்சை செய்த காலின் அடிச்சத்தம் மற்றதைவிட வித்தியாசமாகக் கேட்டால், அந்தக் காலில் இன்னும் சரியாக எடை போடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் வீக்கம் தெரிந்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு முந்திய அளவுக்குத் திரும்புங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கித் தேறி வந்தவருக்கு முதல் வாரங்களில் இதயம் வேகமாக அடிக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள்.

இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகே ஏற்றம். ஏறிப் போய், பஸ்ஸில் திரும்பி வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தப் பருவத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இறக்கத்தை முதலில் நடந்து பழகுங்கள். பிறகு சாய்வு குறைந்த இடத்தில் ஐம்பது மீற்றர், நான்கு தடவை, களைப்பில்லாத நேரத்தில் மெல்ல ஓடுங்கள். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். முழங்காலைச் சற்று மடித்து, அடியைச் சுருக்குங்கள். தூரம், சாய்வு, வேகம் மூன்றில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டலாம்.

முழங்கால் நழுவுவது போலிருந்தாலோ, நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ ஓட்டத்தை விட்டு வைத்தியரிடம் போங்கள். மழை பெய்து சீமெந்துப் படிகளில் பாசி பிடித்திருக்கும் நாட்களில் வெளியே ஓடாமல், வீட்டுக்குள் அந்தப் படிப் பயிற்சியையே காலுக்குப் பத்தாக மூன்று சுற்றுச் செய்யுங்கள்.