பத்தும் பறந்ததா?

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று சொல்லாத பாட்டி கிடையாது. அந்தப் பத்தும் எவை என்று கேட்டால்தான் நாலைந்துக்கு மேல் வராது. நல்வழி கணக்கு வைத்திருக்கிறது: மானம், குலம், கல்வி, வண்மை, அறிவு, தானம், தவம், உயர்வு, முயற்சி, கடைசியாகக் காமம்.

1943இல் ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மனிதனை ஓட வைப்பது எது? தேவைகள். அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு என்றார். முதலில் சோறு, தண்ணீர், தூக்கம் போன்ற உடலின் தேவைகள், அடுத்து பாதுகாப்பு, பிறகு அன்பும் உறவும், பிறகு மதிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே, தன்னால் என்னவாக முடியுமோ அதுவாக ஆகிவிட வேண்டும் என்ற தவிப்பு. கீழே உள்ளது நிறைவேறாதவரை அது ஆளையே பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடப்பவனுக்கு சொர்க்கம் என்பது சாப்பாடு நிறைய இருக்கும் இடம், அவ்வளவுதான். நிறைவேறிவிட்டாலோ அந்தத் தேவைக்கு நம்மைத் தள்ளும் சக்தி போய்விடும்; வயிறு நிறைந்தவனிடம் சோற்றைக் காட்டி வேலை வாங்க முடியாது. உடனே அடுத்த தேவை வந்து முன்னால் நிற்கும்.

இதற்கு ஒரு சோதனை, மாஸ்லோவுக்காக இல்லாவிட்டாலும், அடுத்த ஆண்டே தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் பட்டினி. மெலிந்து கிடப்பவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி, அதாவது முன்பு உண்டதில் பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். முடிவில் சராசரியாக ஒவ்வொருவரும் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்திருந்தார்கள்.

எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனம் போன போக்குதான் வேறு. பறந்தவற்றில் ஒன்று நல்வழிப் பட்டியலின் கடைசிச் சரக்கு. காதலிலோ பெண்களிலோ நாட்டமே இல்லாமல் போயிற்று. அப்புறம் கல்வி. பல்கலைக்கழக வகுப்புகளில் சேர்ந்திருந்த பலர் விட்டுவிட்டார்கள். அரட்டையும் சிரிப்பும் குறைந்தன. மானம்? தட்டை நக்கினார்கள். உணவில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல இரவில் படுத்துக்கொண்டு படித்தார்கள். கனவிலும் சாப்பாடு. சோதனை முடிந்தபிறகு சிலர் சமையல் தொழிலுக்கே போனார்கள் என்பதைச் சும்மா தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அறிவு பறக்கவில்லை. கவனமே நிற்கவில்லை என்று அவர்கள் புலம்பினார்கள். ஆனால் அறிவுத் திறனை அளக்கும் சோதனைகளில் குறைவு தென்படவில்லை. திறமை அப்படியே இருந்தது, அதைப் பயன்படுத்தும் நாட்டம்தான் போய்விட்டது.

மூளைக்குள் நடப்பது இப்போது ஓரளவு தெரியும். உடல் கொழுப்பு கரையக் கரைய, அது சுரக்கும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. காலி வயிறு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. இரண்டு செய்திகளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகின்றன. வயிறு நிறைந்த எலியில் ஒளியைப் பாய்ச்சி அந்த அணுக்களை மட்டும் தூண்டினால், அது மறுபடி சாப்பிடத் தொடங்குகிறது. தூண்டப்பட்ட எலி, பயந்து ஒதுங்கும் இடத்துக்குள்ளும் உணவுக்காகப் போகும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பசித்த எலிக்கு வீக்கத்தால் வரும் நீடித்த வலி அமுங்கிவிடுகிறது. ஆனால் சுடுகிற தட்டில் கால் பட்டால் உடனே துள்ளி எடுக்கிறது. நாள்பட்ட வலியை ஒத்திப்போடலாம், தீயை முடியாது. அந்த நேரத்துக்கு எது அவசரம் என்று அளந்து, எந்தக் குரலை உரக்கப் பேச விடுவது, எதை அடக்குவது என்று மூளை முடிவு செய்கிறது. படிக்கட்டைவிட சந்தைக் கூச்சலைப் போன்ற ஏற்பாடு இது.

மாஸ்லோவும் இதைப் படிக்கட்டாக நினைக்கவில்லை. ஒன்று நூறு சதவீதம் நிறைந்தபிறகுதான் அடுத்தது என்பது தவறான எண்ணம் என்று அதே கட்டுரையில் சொல்கிறார். ஒரு சாதாரண மனிதனுக்கு உடல் தேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன்னால் முடிந்ததாக ஆகும் தேவை 10 சதவீதம் நிறைந்திருக்கலாம் என்று, எண்கள் உத்தேசம்தான் என்ற எச்சரிக்கையோடு, எழுதினார். பாடப்புத்தகங்களில் பார்க்கும் அந்த வண்ணப் பிரமிடும் அவர் வரைந்ததல்ல. நிர்வாகவியல்காரர்கள் பிறகு வரைந்தது. வரைந்தது என்னவோ அழகாகத்தான் இருக்கிறது, அதனால்தான் ஒழியவும் மாட்டேன் என்கிறது.

123 நாடுகளில் நடந்த கருத்துக்கணிப்பை வைத்து லூயி டே, எட் டீனர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. இந்தத் தேவைகள் எங்கும் முக்கியம்தான்; ஆனால் சோறும் பாதுகாப்பும் முழுதாகக் கிடைக்காதவர்களுக்கும் உறவும் மரியாதையும் மகிழ்ச்சியைக் கூட்டுகின்றன. கூழ் காய்ச்சும் வீட்டிலும் விருந்தாளிக்கு ஒரு வாய் எடுத்துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இருக்காது.

சரி, மினசோட்டாவுக்கே திரும்புவோம். அங்கே பூட்டிய சிறை இல்லை. தொடக்கத்தில் வெளியே தனியாகவே போய்வந்தார்கள். கடைகளில் சாப்பாடு கிடைத்தது. சிலர் தடுமாறியபிறகுதான் துணையோடு மட்டுமே போகலாம் என்று விதி வந்தது. 36 பேரில் நால்வரின் பதிவுகளை மட்டும் கணக்கில் சேர்க்க முடியாமல் போயிற்று. மற்ற 32 பேர் தட்டை நக்கியபடியே தாங்கிக்கொண்டார்கள். எதற்காக? கொல்ல மாட்டோம் என்று சொன்னவர்கள், பட்டினி கிடக்கும் யாரோ தேறுவதற்குத் தங்கள் உடலால் உதவலாம் என்று நினைத்தார்கள். மாஸ்லோவின் வரிசையில் உச்சியில் இருக்கும் தேவை, அடியில் இருக்கும் தேவையை ஆறு மாதம் அடக்கி வைத்தது. பத்தில் பல பறந்தன, தவம் பறக்கவில்லை.

கொள்கைக்காக எல்லாவற்றையும் விடுகிறவர்களை மாஸ்லோவே விதிவிலக்காகக் குறிப்பிட்டிருந்தார். சிறுவயதில் தேவைகள் நன்றாக நிறைவேறியவர்களுக்குப் பின்னால் பற்றாக்குறையைத் தாங்கும் பலம் வரும் என்பது அவர் தந்த விளக்கம். இதை நான் பாதிதான் நம்புகிறேன். எல்லாத் தியாகிகளும் பால்சோறு உண்டு வளர்ந்தவர்கள் என்று சொல்ல முடியுமா?

பட்டினிக் கட்டம் முடிந்து, மறுபடி வயிறு நிறையக் கிடைத்தபிறகும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. சிலர் வழக்கத்தைவிட இருமடங்குக்கு மேல் சாப்பிட்டும் போதவில்லை என்றார்கள். பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, அப்போது உயிரோடிருந்தவர்களில் 18 பேரை ஆய்வாளர்கள் தேடிப் பேசினார்கள். எண்பது வயதைத் தொட்டிருந்த அந்த மனிதர்கள், இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தாலும் மறுபடி அதையே செய்திருப்போம் என்றார்கள்.