புதிய ஊரின் காற்றில் எவ்வளவு நீர்? ஏசி வாங்கும் முன் ஒரு கணக்கு

குளிர்ந்த ஊரிலிருந்து வெப்பமான ஊருக்குக் குடிபெயர்கிறவர்கள் முதலில் விசாரிப்பது, கோடையில் அங்கே எத்தனை டிகிரி அடிக்கும் என்பதைத்தான். அடுத்ததாக, இந்த அறைக்கு எத்தனை டன் ஏசி போதும் என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்த ஊர்க் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது? எந்த வகை ஏசி, எந்த அளவு, எப்படி ஓட்டுவது என்ற எல்லாமே இதற்கான பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 சதவீதம். இன்னொன்றில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். முதல் ஊரில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 10 கிராம் நீராவி இருக்கும். இரண்டாவது ஊரில் 24 கிராம். வீட்டுக்குள் 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்புக்கு இதம். அந்த நிலையில் ஒரு கன மீட்டரில் இருப்பது சுமார் 11.5 கிராம். ஆக, 40 டிகிரி ஊரின் காற்று நமக்கு வேண்டியதைவிடவும் உலர்ந்தது. அதைக் குளிர வைத்தால் மட்டும் போதும். அதற்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

30 டிகிரி ஊரில் ஐந்தே டிகிரிதான் குறைக்க வேண்டும். அதற்கு 6 கிலோஜூல் எடுத்தால் சரி. ஆனால் அதே காற்றிலிருந்து 12, 13 கிராம் நீராவியையும் நீராக்கி வெளியேற்றியாக வேண்டும். ஆவி நீராக மாறும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பத்தையும் ஏசிதான் அள்ள வேண்டும். அது மட்டும் ஏறக்குறைய 31 கிலோஜூல். மொத்தத்தில், தெர்மாமீட்டரில் பத்து டிகிரி குறைவாகக் காட்டும் ஊரின் காற்றைச் சீராக்க இரண்டு மடங்குக்கு மேல் வேலை இருக்கிறது! சுவர், கூரை வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் 40 டிகிரி ஊரில்தான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் நுழையும் காற்றைப் பொறுத்தவரை, புழுக்கமான ஊரே ஏசியை அதிகம் படுத்தும்.

இந்த நீரின் அளவை அறியப் பனிநிலையைப் பார்ப்பது எளிது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஆவி பனித்துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. வானிலை அறிக்கைகளில் இது கிடைக்கும். ஈரப்பத சதவீதம் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக மாறிக்கொண்டே இருக்கும். பனிநிலை அவ்வளவாக மாறாது. 15 டிகிரிக்குக் கீழே என்றால் உலர்ந்த காற்று. 24, 25 டிகிரி என்றால் நல்ல புழுக்கம். இரவைப் பற்றியும் இது சொல்லிவிடும். பனிநிலை 25 என்றால் விடியற்காலையில்கூட வெப்பம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. உலர்ந்த ஊரில் இரவு நன்றாகக் குளிரும். ஜன்னல்களைத் திறந்து வைத்தே வீட்டை ஆற வைக்கலாம். புழுக்கமான ஊரில் அந்த உதவி கிடைக்காது, இரவு முழுக்க ஏசி ஓட வேண்டியிருக்கும்.

உலர்ந்த ஊருக்குப் போகிறவர்கள் ஏசிக்கு முன் ஏர் கூலரைப் பற்றி யோசிக்கலாம். கூலரில் நீர் ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது எவ்வளவு குளிர்விக்கும் என்பதற்கு இயற்கையே ஒரு எல்லை போட்டிருக்கிறது. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதத்தில் அந்த எல்லை சுமார் 23 டிகிரி. அதை முழுதாக எட்டாவிட்டாலும் நல்ல கூலர் பத்து டிகிரிக்கு மேல் குறைத்துவிடும், ஏசிக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கை வைத்துக்கொண்டே. 33 டிகிரி, 80 சதவீதம் என்றால் எல்லையே 30 டிகிரி. அங்கே கூலர் வைத்தால் மூன்று டிகிரிகூடக் குறையாது, அறையில் புழுக்கம்தான் கூடும்.

ஏசி வேலை செய்யும் விதம் வேறு. வீட்டுக்குள் இருக்கும் காயிலில், அதாவது சுருள் குழாயில், குளிர்பொருள், அதாவது நாம் கேஸ் என்று சொல்வது, குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. வெளியே இருக்கும் காயிலில் அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி, ஒரு குறுகிய வழியில் அழுத்தம் இறங்கி மறுபடி உள்ளே வருகிறது. உள்ளே தண்ணீரை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்ப் பிழிந்துவிட்டு வரும் பஞ்சின் வேலைதான் இது. உள் காயில் பொதுவாகப் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். அறைக் காற்றின் பனிநிலை அதைவிட மேலே இருப்பதால் காயிலில் நீர் படிந்து, குழாய் வழியே வெளியே சொட்டுகிறது. அப்படி ஒரு லிட்டர் சொட்டினால், சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தை ஏசி அதற்காக மட்டுமே வெளியேற்றியிருக்கிறது என்று பொருள்.

நவீன ஏசியின் கதை தொடங்கியதே ஈரத்தில்தான். 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தாள் நீண்டும் சுருங்கியும் போய், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் இருந்தன. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த காயில்கள் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். மனிதர்களின் சௌகரியம் பின்னால் வந்து சேர்ந்தது.

அளவு விஷயத்தில் மிகப் பலர் சறுக்குவது இங்கேதான். "எதற்கும் கொஞ்சம் பெரியதாகவே வாங்கி வைப்போம்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் மோசமான அறிவுரை. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய சாதாரண ஏசி சில நிமிடங்களில் வெப்பநிலையைக் கீழே இழுத்துவிட்டு நின்றுவிடும். காயில் நனைந்து, நீர் திரண்டு, குழாயை எட்டிச் சொட்டுவதற்கு அந்த நேரம் போதாது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே ஃபேன் சுற்றினால் காயிலில் ஒட்டிய நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். 23 டிகிரி என்று ரிமோட் காட்டும், உடம்போ பிசுபிசுக்கும். உடனே இன்னும் இரண்டு டிகிரி குறைப்போம். குளிரும் ஈரமும் சேர்ந்த அந்த அறையில் சுவரில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். புழுக்கமான ஊரில் சற்றுச் சிறிய ஏசி நீண்ட நேரம் ஓடுவது எவ்வளவோ மேல்.

இன்வெர்ட்டர் ஏசி இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. அதன் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். என்றாலும் அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அறையின் தேவை அதற்கும் கீழே போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். மிக மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவு குளிராமல் போய், ஈரம் எடுப்பது குறைவதும் உண்டு. அதனால் விவரத்தாளில் அதிகபட்சத் திறனைப் பார்க்கும் அதே அக்கறையோடு குறைந்தபட்சத் திறனையும் பார்க்க வேண்டும்.

டன் என்பது ஏசியின் எடை அல்ல. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன். இன்றைய அளவில் அது 3.5 கிலோவாட். இதை மனதில் வைத்துக்கொண்டால் வீட்டின் வெப்பத்தை நாமே எடைபோடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறார். மேற்கே பார்த்த இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னலில் சாய்ந்த மாலை வெயில் நேராக விழுந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவாட் உள்ளே வரும். பத்துப் பேர் அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் அது! ஒரு டன்னில் கால் பங்குக்கு மேல் ஒரே ஜன்னலுக்குப் போய்விடுகிறது. சதுர அடியை மட்டும் வைத்து டன்னைச் சொல்லும் அட்டவணைகளில் இந்த ஜன்னலுக்கு இடமே இல்லை. மேல் மாடியா, கீழே இன்னொரு வீடு இருக்கிறதா, கூரை வெயிலில் காய்கிறதா என்பதையும் அவை கேட்பதில்லை.

ஜன்னலுக்கு உள்ளே போடும் திரை ஓரளவுக்குத்தான் உதவும். கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே சன்ஷேடோ, மூங்கில் தட்டியோ, ஒரு மரமோ மறைத்தால் வெப்பம் வெளியிலேயே நின்றுவிடும். கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்து, இரவில் படுக்கையின் மேல் இறக்கும். காற்று 25 டிகிரியில் இருந்தாலும் மேலே 36 டிகிரி கூரை இருந்தால் உடம்பு வெக்கையை உணரும், ஏனென்றால் கூரையின் வெப்பக் கதிர் நேரே தோலில் விழுகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, கூரையின் மேல் ஒரு வெப்பத்தடுப்பு அடுக்கு, கதவிடுக்குகளை அடைப்பது: இவற்றை முதலில் செய்துவிட்டுப் பிறகு டன்னைக் கணக்கிடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். பல வீடுகளில் இதன் பிறகு ஒரு படி சிறிய ஏசியே போதுமானதாகிவிடும்.

கடும் வெயில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏசியின் திறன் பொதுவாக வெளியே 35 டிகிரி என்று வைத்துச் சோதிக்கப்படுகிறது. ஐஎஸ்ஓ 5151 என்ற சர்வதேசத் தரத்தில் இது டி1 நிலை. வெப்பமான பகுதிகளுக்கென்று அதே தரத்தில் 46 டிகிரியில் சோதிக்கும் டி3 நிலையும் உண்டு. பெட்டியில் ஒன்றரை டன் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது 35 டிகிரியில் கிடைத்த ஒன்றரை டன். வெளியே வெப்பம் ஏற ஏற, வெப்பத்தை இன்னும் உயரமாகத் தூக்க வேண்டியிருப்பதால் திறன் குறையும், மின்சாரம் கூடும். உள் காயில் 10 டிகிரி, வெளிக் காயில் 50 டிகிரி என்றால் ஒரு யூனிட் மின்சாரத்தில் அதிகபட்சம் 7 யூனிட் வெப்பத்தை நகர்த்த இயற்பியல் அனுமதிக்கிறது. வெளிக் காயில் 60 டிகிரி ஆனால் அது 5.7 ஆகக் குறைகிறது. நடைமுறையில் இயந்திரங்கள் இதில் பாதியை எட்டினாலே நல்லது. 45 டிகிரியைத் தாண்டும் ஊரென்றால் டி3 நிலையில் எவ்வளவு திறன் என்று கேட்டு வாங்குவதே சரி. வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்றோட்டம் இல்லாமல் அடைத்து வைத்தால், 38 டிகிரி ஊரிலும் அது தான் விட்ட வெப்பக்காற்றையே திரும்ப இழுத்து 48 டிகிரியில் திணறும்.

வகைகளில் பெரிய குழப்பம் இல்லை. சொந்த வீட்டுக்கோ நீண்ட கால வாடகைக்கோ ஸ்பிளிட். அடிக்கடி வீடு மாறுவோருக்குக் கழற்றி மாட்ட எளிதான விண்டோ. ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசியை மட்டும் வேறு வழியே இல்லாதபோது எடுங்கள். அது அறைக் காற்றையே குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக் காற்று இடுக்குகளில் புகுந்து வரும். முதலில் பார்த்த 24 கிராம் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடலோரம் என்றால் உப்புக் காற்று காயிலை அரிக்கும் என்பதால், அரிப்பைத் தாங்கும் பூச்சு உண்டா என்று கேட்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் வைப்பது? வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 என்றால் வித்தியாசம் 15; 26 என்றால் 9. சுவர் வழியே வரும் வெப்பம் இந்த வித்தியாசத்தின் விகிதத்தில் இருப்பதால், அந்தப் பங்கு 40 சதவீதம் குறைகிறது. கூடவே மின்விசிறி சுற்றினால் தோலிலிருந்து வெப்பமும் வியர்வையும் விரைவாக நீங்கி, 26 டிகிரியே போதும் என்றிருக்கும். அறையில் ஆள் இல்லாதபோது விசிறிக்கு வேலை இல்லை. அது குளிர்விப்பது உடம்பை, அறையை அல்ல. புதிதாக வந்தவர்களின் உடம்புக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் பழகினால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வந்த முதல் நாள் தவிப்பை வைத்துக்கொண்டு ஏசியின் அளவை முடிவு செய்ய வேண்டாம்.

கடைசியாக, கேஸ். ஆர்22 என்ற பழைய கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,000 மடங்குக்கு மேல். ஆர்32க்கு அது சுமார் 675 மடங்கு. அதே ஒப்பந்தத்துக்கு 2016ல் ஏற்கப்பட்ட கிகாலி திருத்தம் இவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஆர்290 என்ற புரொப்பேன் புவிக்கு மிகவும் நல்லது. ஆனால் நன்றாக எரியக்கூடியது என்பதால் அறையின் அளவுக்கேற்ப எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கடும் வெயில் ஊரில் இன்னொரு வேறுபாடும் தெரியும்: ஆர்410ஏ 72 டிகிரிக்கு அருகில் திரவமாகும் தன்மையையே இழந்துவிடும், ஆர்32க்கு அந்த எல்லை 78, புரொப்பேனுக்கு 97. வெளிக் காயில் அந்த எல்லையை நெருங்க நெருங்கத் திறன் சரியும்.

எந்தக் கேஸ் ஆனாலும் அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகே புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.