100 சதவீதம் வாங்கியாச்சு, பிங் ஏன் போகலை?

போன வாரமும் ஒரு தம்பி நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தார். கல்லூரியில் பாக்கெட் டிரேசர் (கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் சிஸ்கோ மென்பொருள்) பயிற்சிகளை எல்லாம் 100 சதவீதம் முடித்தவராம். ஒரு சின்னப் புதிர் கொடுத்தேன். ஒரே சுவிட்சில் (கணினிகளை இணைக்கும் பெட்டி) இரண்டு கணினிகள்: 192.168.1.60, 192.168.1.70. இரண்டிலும் மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று சொல்லும் எண்) 255.255.255.192. கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) போகவில்லை, ஏன்?

"கேபிளை மாத்திப் பாக்கலாம் சார்." கேபிளின் இரு முனையிலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் ஒரே நெட்வொர்க் என்ற எண்ணத்தை யார்தான் விதைக்கிறார்களோ! இல்லை, இல்லவே இல்லை. எல்லையைச் சொல்வது மாஸ்க், புள்ளி அல்ல. புள்ளி நாம் படிக்க வசதிக்காக வைத்தது, கணினிக்கு அது வெறும் 32 பிட். மாஸ்க்கின் கடைசி எண் 192 என்றால் முகவரிகள் 64, 64 ஆகப் பிரியும். 0 முதல் 63 வரை ஒன்று, 64 முதல் 127 வரை அடுத்தது. 60 இந்தப் பக்கம், 70 அந்தப் பக்கம். கேட்வே இல்லாமல் தாண்ட முடியாது. எப்போதும் 255.255.255.0 மட்டுமே பார்த்துப் பழகினால் இது கண்ணில் படாது.

இதைப் பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிடப் புதிராகக் கொடுப்பது நல்லது. பாக்கெட் டிரேசரின் சிமுலேஷன் முறையில் பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) ஒரு கடித உறையாகத் தெரியும். இந்தப் புதிரில் அது முதல் கணினியை விட்டே கிளம்பாது. அங்கேயே குறுக்குக்குறி விழும். உறையைச் சொடுக்கினால் காரணமும் இருக்கும். யார் சொடுக்குகிறார்கள்? 60ஐ 80 ஆக்கிப் பார்க்கிறார்கள், பிங் போகிறது, சதவீதம் ஏறுகிறது, அடுத்த புதிர். ஏன் போனது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

ஆசிரியர்களே, புதிரைத் தயாரிக்கும்போது உடனுக்குடன் மதிப்பெண் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். பிங் அடிக்கும் முன்பே போகுமா, போகாவிட்டால் எந்த இடத்தில் நிற்கும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். புதிதாகக் கட்டும் புதிர்களைக் குறைத்து, கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கூட்டுங்கள். வேலையில் தினமும் அதுதான் நடக்கிறது. மாணவர்களே, விடைக் கோப்பைத் தேடி இறக்காதீர்கள், ப்ளீஸ்.

அப்புறம், அதே புதிரை இரண்டு நிஜ லேப்டாப்பிலும் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை வழக்கமாகத் தடுத்துவிடும். முகவரி, மாஸ்க் எல்லாம் சரியாக இருந்தும் பதில் வராது. முதலில் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.