மெஷின் ஃபெயில்னு சொல்லுது, பணம் போயிருச்சு, அப்புறம் தானா எப்படி திரும்பி வருது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கார்டு மெஷின்ல ஃபெயில்னு காட்டுது, ஆனா போன்ல பணம் எடுத்தாச்சுன்னு மெசேஜ் வருது, கொஞ்ச நேரம் கழிச்சு யாருக்கும் போன் பண்ணாமலே பணம் திரும்பி வந்துடுது, இதை யாரு பண்றாங்க?" ஆளு யாரும் பண்றதில்ல. பேங்குகளுக்குள்ள ராத்திரி பகலா ஓடுற சுவிட்ச்ங்கற சாஃப்ட்வேர்தான் பண்ணுது.

அடிப்படை ஈஸிதான். மெஷின்லேர்ந்து கடைக்காரரோட பேங்க், அங்கேர்ந்து விசா, ரூபே மாதிரி கார்டு நெட்வொர்க், அப்புறம் உங்க பேங்க், பதில் அதே வழியில ரிட்டர்ன். இந்த மெசேஜ்லாம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8583ங்கற ஃபார்மட்லதான் போகும், 1987ல வந்தது, இன்னும் அசராம ஓடிட்டிருக்கு. 0200னா "இவ்ளோ பணம் எடுத்துக்கோ", 0210னா அதுக்குப் பதில். மெசேஜ்ல ஒவ்வொரு தகவலுக்கும் நம்பர் போட்ட ஒரு கட்டம் இருக்கும், அதுதான் ஃபீல்டு. பதிலோட 39ஆவது ஃபீல்டுல 00 இருந்தா ஓகே, 51னா பேலன்ஸ் பத்தாது, 55னா பின் நம்பர் தப்பு.

இது வரைக்கும் சுவாரசியமே இல்ல. பதிலே வரலன்னா என்ன பண்றது? அங்கதான் ஆட்டமே ஆரம்பிக்குது.

பதில் வரலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், நம்ம மெசேஜ் போய்ச் சேரவே இல்ல, இல்லன்னா அது போய் பணத்தை எடுத்துட்டு, திரும்பி வர்ற பதில் வழியில தொலைஞ்சிருச்சு. இந்தப் பக்கம் உக்காந்து பாத்தா ரெண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும். "கிடைச்சுதா"ன்னு கேட்டா அந்தக் கேள்வியும் தொலையலாம், "கிடைச்சுது"ங்கற பதிலும் தொலையலாம். மெசேஜ் தொலையக்கூடிய ஒரு லைன்ல ரெண்டு பேரும் நூறு சதவீதம் நிச்சயமா ஒத்துப்போகவே முடியாதுன்னு 1975லயே நிரூபிச்சிட்டாங்க, 1978ல ஜிம் கிரேங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி அதுக்கு ரெண்டு ஜெனரல்கள் புதிர்னு பேர் வெச்சார். அன்னைக்கு "இதனால என்ன லாபம்"னு கேட்டு நிதியை நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கும்போது மூக்கால அழுவுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, முடியாதுன்னு தெரிஞ்சதும் சுவிட்ச் எழுதினவங்க என்ன பண்ணாங்கன்னா, நிச்சயம் தெரிஞ்சுக்கணும்ங்கற ஆசையையே விட்டுட்டாங்க! பதிலுக்குக் காத்திருக்குற டைம் முடிஞ்சதும் சுவிட்ச் அதை ஃபெயில்னு முடிவு பண்ணிட்டு, "முன்னாடி அனுப்பினதை ரத்து பண்ணு"ன்னு 0420ங்கற ரிவர்சல் மெசேஜை முதல்ல டிஸ்க்ல எழுதி வெச்சிட்டு அப்புறம்தான் அனுப்பும், ஏன்னா நடுவுல கரண்ட் போயி சர்வர் படுத்துட்டாலும் எந்திரிச்சதும் ஞாபகம் இருக்கணும்ல. 0430ன்னு பதில் வரலன்னா அதையே 0421ன்னு மாத்தி திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும்.

அப்போ நாலு தடவை அனுப்பினா நாலு தடவை பணம் ஏறிடாதா? ஏறாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ரிவர்சலோட 90ஆவது ஃபீல்டுல பழைய மெசேஜை அடையாளம் காட்டுற ஆறு இலக்க ட்ரேஸ் நம்பர், அது கிளம்பின தேதி, நேரம் எல்லாம் இருக்கும். உங்க பேங்க் அதை வெச்சுத் தேடும். பணம் எடுத்திருந்தா திருப்பிப் போடும், ஏற்கனவே திருப்பிப் போட்டிருந்தாலோ எடுக்கவே இல்லன்னாலோ கணக்கைத் தொடாம பதில் மட்டும் அனுப்பும். ஒரு தடவை வந்தாலும் நூறு தடவை வந்தாலும் முடிவு ஒண்ணேதான்.

இன்னொரு கூத்து, ரிவர்சல் கிளம்பின பிறகு பழைய 00 பதில் ஆடி அசைஞ்சு வந்து சேரும். அதை நம்பி ஏடிஎம் நோட்டைக் கொடுத்துட்டா பேங்குக்குத்தான் நஷ்டம், அதனால லேட்டா வந்த ஓகேவை சுவிட்ச் கண்டுக்காது.

சில சமயம் இதுவும் சொதப்பும், அப்போ ரெண்டு பக்கத்து பேங்கும் தங்களோட கணக்கு ஃபைலை ஒப்பிட்டுப் பாத்து மிச்சத்தை சரி பண்ணுவாங்க, அதுக்குத்தான் நாள் கணக்குல ஆகுது. புகார் கொடுக்கணும்னா ரசீதுலயோ போன்ல வந்த மெசேஜ்லயோ இருக்குற 12 இலக்க ஆர்ஆர்என் நம்பரை, அதாவது அந்தப் பரிவர்த்தனையோட அடையாள நம்பரைக் கொடுங்க, அவங்க தேடுறதே அதை வெச்சுத்தான்.