ஐந்து பேர், ஒரே சீட்டு: ரேகன்ஸ்பூர்க் போய்வர பயர்ன் டிக்கெட்

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ரேகன்ஸ்பூர்க் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலையில் கிளம்பினால் ஊரை ஆற அமரச் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவதாக இருந்தால் ஆளுக்கொரு டிக்கெட் எடுக்க வேண்டாம். பவேரியா மாநிலத்துக்கென்றே உள்ள பயர்ன் டிக்கெட்டில் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். அன்று முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை.

விலை வைக்கும் முறை எளிது. முதல் ஆளுக்கு 30 யூரோவுக்குச் சற்று மேல். அடுத்துச் சேரும் ஒவ்வொருவருக்கும் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேர் என்றால் தலைக்கு 15 யூரோவைச் சுற்றி வரும். விலை பெரும்பாலும் டிசம்பர் கால அட்டவணை மாறும்போது ஏறும் என்பதால், வாங்கும் அன்று ரயில்வேயின் செயலியில் பார்ப்பதே சரி. தனியாகப் போகிறவருக்கு இது அவ்வளவு லாபமில்லை. மூன்று பேரிலிருந்துதான் இதன் அருமை தெரியும்.

இந்தச் சலுகை செல்லுபடியாவது உள்ளூர், வட்டார வண்டிகளில் மட்டும்: ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான். இவற்றை வேறு கம்பெனி ஓட்டினாலும் பரவாயில்லை. வண்டி நீலமா சிவப்பா என்று பார்க்க வேண்டாம், வண்டி எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்று இருந்தால் அது தொலைதூர விரைவு வண்டி, ஏறக் கூடாது. மியூனிக்கிலிருந்து போகிறவர்களைவிட நியூரம்பர்க்கிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கிருந்து பாசாவ், வியன்னா பக்கம் போகும் ஐ.சி.இ. வண்டிகளும் ரேகன்ஸ்பூர்க்கில் நிற்கும். பலகையில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். செல்லாத சீட்டோடு பிடிபட்டால் அபராதம் குறைந்தது 60 யூரோ, அதுவும் ஒவ்வொருவருக்கும்.

அடுத்து, பலரையும் சறுக்க வைக்கும் ஒன்பது மணி விதி. திங்கள் முதல் வெள்ளி வரை இந்த டிக்கெட் காலை 9 மணிக்குத்தான் உயிர் பெறும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை ஓடும். சனி, ஞாயிறு, பவேரியா முழுவதற்கும் பொதுவான விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். வேலை நாளில் 8.45 வண்டியில் ஏறிவிட்டு, பரிசோதகர் வரும்போது மணி 9.10 என்று காட்டுவது எடுபடாது. அந்த வண்டியிலேயே போக வேண்டுமானால், 9 மணிக்குப் பிறகு அது முதலில் நிற்கும் ஸ்டேஷன் வரை சாதாரண டிக்கெட் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேருக்கும் அப்படி எடுத்தால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள், ஒரு காபி குடிக்கலாம். மாலையில் கிளம்புகிறவர்களுக்கு பயர்ன் டிக்கெட் நைட் என்று விலை குறைந்த ஒன்று தனியே இருக்கிறது. 18 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணி வரை செல்லும்.

எத்தனை பேர் என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். வண்டியில் ஏறிய பிறகு "இன்னொருத்தர் வந்துட்டார்" என்று சேர்க்க முடியாது. பயணிகளின் பெயரும் சீட்டில் இருக்க வேண்டும். மெஷினில் எடுத்த காகிதச் சீட்டானால் பேனாவால் நீங்களேதான் எழுத வேண்டும், பரிசோதகர் வருவதற்கு முன்பே. கேட்டால் காட்ட படம் உள்ள அடையாள அட்டையும் வேண்டும். பாதி வழியில் ஒருவர் இறங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர் இடத்தில் வேறொருவர் ஏற முடியாது. ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து ஒரே சீட்டில் கூட்டிப்போய்க் காசு பார்த்த கூட்டம் ஒரு காலத்தில் இருந்தது, இந்தக் கெடுபிடியெல்லாம் அதனால்தான். இதன் அண்ணன் போல 1995-இல் வந்த வார இறுதிச் சீட்டில் ஐந்து பேர் 15 மார்க்குக்கு (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) ஜெர்மனி முழுக்கச் சுற்றலாம் என்று இருந்தது. வண்டிகளில் நிற்கக்கூட இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது டாய்ச்லாந்து டிக்கெட் கணக்கைப் பார்ப்போம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்த மாதச் சந்தா 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க இதே வகை வண்டிகளில் செல்லும், ஒன்பது மணித் தொல்லையும் இல்லை. ஆனால் முழுக்க முழுக்க ஒருவருக்கானது, கூட யாரையும் அழைத்துப்போக முடியாது. குழுவில் இரண்டு பேரிடம் இது இருந்தால் பயர்ன் டிக்கெட்டை மீதி மூன்று பேருக்கு மட்டும் எடுங்கள். எல்லாரையும் எண்ணி ஐந்து பேருக்கு எடுப்பது பழக்க தோஷம், அவ்வளவுதான். இந்த ஒரு பயணத்துக்காகச் சந்தா சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். தவறினால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.

ரேகன்ஸ்பூர்க் போய் இறங்கிய பிறகும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், நகரப் பேருந்திலும் அது செல்லும். பழைய நகரத்துக்கு அது தேவைப்படாது. ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் பேராலயம், அதைத் தாண்டினால் டானூப் நதி. ரோமானியர்கள் கி.பி. 179-இல் எழுப்பிய கோட்டை வாசலின் ஒரு பகுதி பிற்காலக் கட்டடத்தின் சுவரோடு சுவராக இன்னும் நிற்கிறது. கல்பாலம் 1135-க்கும் 1146-க்கும் இடையில் கட்டியது. பழைய நகர மன்றத்தில்தான் 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடியது. அந்த மண்டபத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், அதற்குத் தனிக் கட்டணம். 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் இது. ஆற்றோரம் சற்றுத் தள்ளி, வெள்ளைத் தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி நிற்கும் வால்ஹல்லா மண்டபம் வரை போக ஆசைப்பட்டால் டோனாஸ்டாஃப் பேருந்தில் இந்தச் சீட்டே போதும். படகில் போனால் படகுக்குத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

வேறு மாநிலங்களிலும் இதே மாதிரிச் சீட்டுகள் உண்டு. சாக்சன் டிக்கெட் பக்கத்து மாநிலங்களான சாக்சன்-அன்ஹால்ட், தூரிங்கன் இரண்டிலும் செல்வதால், லைப்சிக்கிலிருந்து வைமருக்கோ எர்ஃபுர்ட்டுக்கோ போகிறவர்களுக்கு உதவும். மாநில எல்லைகளை மதிக்காத ஊர் சுற்றிகளுக்கு, நாடு முழுக்கச் செல்லும் குவேர்-துர்க்ஸ்-லாண்ட் டிக்கெட் இருக்கிறது. அதிலும் ஒன்பது மணி விதி உண்டு, ஐந்து பேர் வரை போகலாம். நகர டிராம், பேருந்து இதில் அடங்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவின் தாராளத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

வண்டி தாமதமானால் என்ன கிடைக்கும்? சாதாரண டிக்கெட்டுக்கு, சேர வேண்டிய ஊருக்கு 60 நிமிடம் தாமதமாகப் போனால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். இது ஐரோப்பிய ஒன்றிய விதி. பெரும் புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்கு 2023 ஜூனிலிருந்து விலக்கு. சலுகைச் சீட்டில் போகிறவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு உதவாது. டாய்ச்லாந்து டிக்கெட்டில் 60 நிமிடத் தாமதம் ஒன்றுக்கு 1.50 யூரோ, அதுவும் 4 யூரோ சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. 20 நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தால் சாதாரண டிக்கெட்காரர் ஐ.சி.இ.யில் ஏறிப் போய்விட்டு, அதற்குக் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். பயர்ன் டிக்கெட்டுக்கும் டாய்ச்லாந்து டிக்கெட்டுக்கும் அந்த உரிமை இல்லை. அடுத்த வட்டார வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் திரும்பும்போது கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைப்பது நல்லது.

கடைசி வண்டியே ரத்தாகி, நள்ளிரவுக்குள் வேறு எந்த வழியிலும் ஊர் சேர முடியாது, ரயில்வேயும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்றால், டாக்சிக்கு 120 யூரோ வரை கேட்க விதியில் இடம் இருக்கிறது. ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ரத்து அறிவிப்பைப் பலகையோடு போனில் படம் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.