யுஎஸ்டிடி விற்ற பணத்தால் கணக்கு முடங்கினால்

பி2பி-யில், அதாவது கிரிப்டோ தளத்தில் ஒருவருக்கு ஒருவர் நேரடியாக விற்கும் முறையில், 50,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடி (டாலர் மதிப்போடு இணைந்த கிரிப்டோ நாணயம்) விற்கிறீர்கள். பணம் ஐஎம்பிஎஸ் எனும் உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் வந்ததும் காயினை ரிலீஸ் செய்கிறீர்கள், அதாவது வாங்குபவருக்கு விடுவிக்கிறீர்கள். சில நாளில் கார்டு வேலை செய்வதில்லை. அந்தப் பணம் வேறு மாநிலத்தில் யாரோ பகுதிநேர வேலை மோசடியில் இழந்தது. வாங்கியவர் தன் கணக்கிலிருந்து அனுப்பாமல், ஏமாந்தவரையே உங்கள் கணக்கில் போட வைத்திருக்கிறார். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொன்னதும், பணம் போன தடத்தில் உள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன.

எனவே ஆர்டரில் உள்ள கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ரிலீஸ் செய்யாதீர்கள், தளத்திலேயே அப்பீல் (முறையீடு) போடுங்கள். பெயர் பொருந்தினாலும் அது வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்கலாம், பாதிப் பாதுகாப்புதான். டெலிகிராமில் பேசி ரொக்கத்துக்கு விற்றால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கிரிப்டோ பரிவர்த்தனைகளின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் தடம் அப்படியே இருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தில் விற்றதைக் காட்டும் காகிதம் மட்டும் இருக்காது.

முடங்கியதும் கிளை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, எந்த யுடிஆர் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்). பிறகு விசாரணை அதிகாரிக்கு ஆர்டர் எண், சாட் பதிவு, பரிவர்த்தனை ஹாஷ் (பிளாக்செயினில் அதன் அடையாளக் குறியீடு), வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்புங்கள். 'அன்ஃப்ரீஸ் கட்டணம்' கேட்டு வரும் போன் அடுத்த மோசடி.

காவல்துறை முடக்குவது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106-ஆம் பிரிவில். முடக்கியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்; பல நேரம் இது நடப்பதில்லை, உங்கள் மனுவில் அதுவே வலுவான வாதம். 3,000 ரூபாய் சர்ச்சைக்கு மொத்தச் சம்பளக் கணக்கையும் பூட்டுவது அநியாயம். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகைக்கு மட்டும் லீன் (எடுக்க முடியாதபடி தடை) வைத்து மீதியை விடச் சொல்லிக் கேளுங்கள்.

அமலாக்கத்துறைக்குப் போனால் கதை வேறு. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமான பிஎம்எல்ஏ-வின் 45-ஆம் பிரிவில் ஜாமீன் பெற, குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதியே திருப்தியடைய வேண்டும்; நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே வழக்கை வெல்வது போன்ற நிபந்தனை இது. தொகை ஒரு கோடிக்குக் கீழ் என்றால் நீதிமன்றம் விலக்கு தரலாம். அமலாக்கத்துறையின் வழக்குப் பதிவு ஆவணமான இசிஐஆரின் நகல் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஜாமீன் நிபந்தனை, இசிஐஆர் இரண்டையும் உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. ஆனால் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அமலாக்கத்துறையிடமிருந்து பிஎம்எல்ஏ 50-ஆம் பிரிவுச் சம்மன் வந்தால், அங்கே கையெழுத்திடும் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே சாட்சியமாகலாம். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, ஆவணங்களோடு போங்கள். பயத்தில் போனை ஃபார்மேட் செய்யவோ, வாலட்டைக் காலி செய்யவோ வேண்டாம். தடயம் அழித்த குற்றம் தனியாகச் சேரும்.